ஒரு பக்க மனு, 80 ரூபாய்: ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரைப் பற்றிய மதிப்பீடு

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அன்று காலையில் சென்றால், சுற்றுச்சுவருக்கு வெளியே மடக்கு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டுக்கொண்டு மனு எழுதித் தருபவர்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். அவர்களில் ஒருவரிடம் சென்ற மாசி மாதத்தில் என் சித்திக்காக ஒரு மனு எழுதி வாங்கினோம். கட்டணம் 80 ரூபாய்; பிடித்த நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம்; கைக்கு வந்தது நீல மையில் எழுதிய ஒரே ஒரு முழுத்தாள். உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் வரிந்து கட்டிக்கொண்டு மதிப்பீடு எழுதுகிறோம். ஒரு குடும்பத்தின் நிலம் ஒரு தாளை நம்பி இருக்கும்போது, அந்தத் தாளை எழுதித் தருகிறவரின் வேலையை யாரும் மதிப்பிட்டு எழுதி நான் படித்ததில்லை. அதனால் இதை எழுதுகிறேன். தம் பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றைக் குறிப்பிடவில்லை.

சித்தியின் காரியம் எளிமையானது. என் சித்தப்பா 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் காலமானார். அவருக்கும் அவருடைய தம்பிக்கும் கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலத்தில் சித்தப்பாவின் பங்கு 60 சென்ட்; பட்டாவின் கணக்கில் சொன்னால் கால் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். அதை வைத்து இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தபோது, "ஆவணங்கள் முழுமையாக இல்லை" என்ற ஒற்றை வரியோடு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எந்த ஆவணம் குறைகிறது, அதை எங்கே வாங்க வேண்டும் என்பது அந்த வரியில் இல்லை. எழுதியவருக்கு அன்றைக்கு எழுதிய பல வரிகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். சித்திக்கோ அந்த வரி மூன்று மாதத் தூக்கத்தைக் கெடுத்தது. காரணம் சொல்லப்படாததால் அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்: கொழுந்தனார்தான் ஆள் வைத்துத் தடுத்துவிட்டார் என்று.

அந்தக் கோபத்தோடு கோபமாக முதல் மனுவை நானே எழுதினேன். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் நாள் முழுவதும் கடிதமும் அறிக்கையும் எழுதுகிறவன். எழுதத் தெரியும் என்ற நம்பிக்கையில் கணினியில் நான்கு பக்கம் தட்டச்சு செய்தேன். சித்தப்பாவின் இறப்பிலிருந்து தொடங்காமல், கொழுந்தனார் களத்துமேட்டில் வைத்துப் பேசிய பேச்சிலிருந்து தொடங்கினேன். "நிலத்தை அபகரிக்கும் நோக்கத்துடன்", "கொலை மிரட்டல் விடுக்கும் வகையில்" என்றெல்லாம் செய்தித்தாளில் படித்துப் பழகிய சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. பட்டாவில் பெயர் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது.

மனு வருவாய்த் துறைக்குப் போகவில்லை. மிரட்டல் என்ற சொல் முதல் பத்தியிலேயே இருந்ததால் காவல் துறைக்கு அனுப்பப்பட்டது. ஒரு நாள் காவல் நிலையத்திலிருந்து கொழுந்தனாரை அழைத்து விசாரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, இது சிவில் தன்மை கொண்ட பிரச்சினை, நீதிமன்றத்தை அணுகி நிவாரணம் பெறலாம் என்று பதில் வந்தது, மனு முடித்துவைக்கப்பட்டது. அதுவரை முகம் கொடுத்தாவது பேசிக்கொண்டிருந்த இரண்டு வீட்டாரும் அன்றிலிருந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பொங்கலுக்கு வழக்கமாக அந்த வீட்டிலிருந்து வரும் கரும்பு இந்த ஆண்டு வரவில்லை. நான்கு பக்கத்தையும் எழுதியவன் நான். காவல் நிலையத்து வாசலில் நின்றவர் அவர். கரும்பு வராத வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சித்தி.

வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவரிடம் அந்த மனுவைக் காட்டினேன். அவர் சொன்ன விளக்கம், அலுவலகம் எப்படி வாசிக்கிறது என்பதை எனக்கு முதன்முதலில் புரியவைத்தது. ஒரு திங்கட்கிழமையில் நூற்றுக்கணக்கான மனுக்கள் வருகின்றன. வாங்குகிறவரின் கண் முதலில் "பொருள்" என்ற வரிக்குப் போகும். அடுத்து ஊர், புல எண். அதற்கடுத்துக் கடைசிப் பத்தி. அதற்குள் எந்தத் துறைக்கு என்று முடிவாகிவிடும். அதன் பிறகு அந்தத் தாள் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்கும், அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கி, ஒவ்வொருவரின் அறிக்கையோடும் மீண்டும் மேலே ஏறுகிறது. "மனுதாரர் தமது மனுவில் தெரிவித்துள்ளவாறு" என்று தொடங்கி, மனுவில் உள்ள சொல்லையே எடுத்துத்தான் கீழே இருப்பவர் அறிக்கை எழுதுவார். "நீ தகராறுன்னு எழுதினா கடைசி உத்தரவு வரைக்கும் தகராறுன்னுதான் போகும். நடுவில யாரும் அந்த வார்த்தைய மாத்த மாட்டாங்க. உன் வார்த்தையிலதான் அவங்க உன் விஷயத்தைப் பார்ப்பாங்க" என்றார் அவர்.

அவர் சொல்லித்தான் மனு எழுதித் தருபவரிடம் சென்றோம்.

காலை ஏழரை மணி. பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் வேலை பார்த்தவராம். பயிலகம் மூடிய பிறகு இந்த மரத்தடிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மேசையின் மேல் ஒரு கட்டு முழுத்தாள், மூன்று நீல மைப் பேனாக்கள், குண்டூசி டப்பா, கைநாட்டு வைப்பவர்களுக்காக ஒரு மை அட்டை, காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு பழைய எடைக்கல். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் எழுதுவதைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அப்போதே கவனித்தேன்.

சித்தி உட்கார்ந்ததும், நான் எழுதிய நான்கு பக்கத்தை நீட்டினேன். அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "இத அப்புறம் பார்க்கலாம் தம்பி. அம்மா சொல்லட்டும்" என்றார். சித்தி கொழுந்தனாரிடமிருந்து தொடங்கினார். அவர் தடுக்கவில்லை, இரண்டு மூன்று நிமிடம் பேசவிட்டார். பிறகு, "ஐயா எப்பம்மா இறந்தாரு?" என்று கேட்டார். சித்தி தேதியைச் சொல்லிவிட்டு அழுதுவிட்டார். அவர் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தபோதும் அவர் அவசரப்படவில்லை. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு, "சரி. அதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றார். அதற்கு அப்புறம், அதற்கு அப்புறம் என்று அவர் கேட்கக் கேட்க, சித்தி மூன்று ஆண்டுகளை ஒவ்வொரு படியாக இறங்கிவந்தார்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விண்ணப்பம், நிராகரிப்பு. நாங்கள் அந்தக் கதையை வீட்டில் நூறு முறையாவது பேசியிருப்போம். அதை வரிசையாக ஒரு முறைகூட நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அடுத்து, பையில் இருந்த தாள்களையெல்லாம் வாங்கி மேசையில் பரப்பினார். பட்டாவையும் இறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். பட்டாவில் இருந்தது தாத்தா வைத்த வீட்டுப் பெயர். ஆதாரிலும் இறப்புச் சான்றிதழிலும் வாரிசுச் சான்றிதழிலும் இருந்தது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். இரண்டும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும்; கணினி முன் அமர்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஊரில் எல்லாரும் அவரை அந்த வீட்டுப் பெயராலேயே கூப்பிட்டதால் எங்கள் கண்ணுக்கு அது வேறு பெயராகவே தோன்றவில்லை. மூன்று மாதமாகக் கொழுந்தனார் மேல் இருந்த பழி, அந்த மரத்தடியில் அரை நிமிடத்தில் இறங்கியது. சித்தி எதுவும் பேசவில்லை. பட்டாவில் இருந்த பெயரை ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இப்படிக் கூப்பிட இப்ப யாரு இருக்கா" என்றார்.

அதன் பிறகுதான் பெரியவர் எழுதத் தொடங்கினார். பொருள் என்ற இடத்தில், "கூட்டுப் பட்டாவில் காலஞ்சென்ற என் கணவரின் பெயருக்குப் பதிலாக வாரிசுகளின் பெயரைச் சேர்க்கக் கோருதல் - தொடர்பாக" என்று எழுதினார். பார்வை என்ற இடத்தில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் எண்ணும் நாளும். அதற்குக் கீழே நான்கே பத்திகள். முதல் பத்தியில் நிலமும் புல எண்ணும் பங்கும். இரண்டாவதில் இறப்பும் வாரிசுகளும். மூன்றாவதில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதும், கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்து அதை உறுதிசெய்ய வேண்டும் என்பதும். நான்காவது பத்தியைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொழுந்தனாரைப் பற்றி எழுதாமல் விட முடியாது, விசாரணையில் அவரையும் கேட்பார்கள் என்று பெரியவர் சொன்னார். அவர் எழுதியது இவ்வளவுதான்: "மேற்படி கூட்டுப் பட்டாவில் உள்ள என் கணவரின் தம்பியிடம் இதுவரை எழுத்து மூலமான ஒப்புதல் பெறப்படவில்லை. அவருடைய பங்கில் நானோ என் பிள்ளைகளோ எந்த உரிமையும் கோரவில்லை." இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும், அதை ஏன் எழுத வேண்டும், நாம் அதைக் கேட்கவே இல்லையே என்றேன். "நீங்க கேக்கலைன்னு உங்களுக்குத் தெரியும் தம்பி. அவருக்குத் தெரியணும் இல்ல. இந்த மனுவ அவருக்கும் படிச்சுக் காட்டுவாங்க" என்றார்.

நாள் முழுவதும் எழுதுகிற வேலையில் இருந்தும் இது எனக்குத் தோன்றியதே இல்லை. மனுவை அதிகாரி வாசிப்பார் என்று மட்டும் நினைத்து எழுதினேன். யாரைப் பற்றி எழுதினேனோ அவரும் அதை வாசிப்பார், அல்லது நாலு பேர் முன்னிலையில் அவருக்கு அது வாசித்துக் காட்டப்படும், அப்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்திருந்தால் முதல் மனு வேறு மாதிரி இருந்திருக்கும். அலுவலகக் குறிப்பு, குடியிருப்போர் சங்க அறிவிப்பு, குடும்பக் குழுவில் அனுப்பும் செய்தி என அன்றாடம் நாம் எழுதும் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கணக்கில் வராத வாசகர் இருக்கிறார். பெரியவர் அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு எழுதினார்.

எழுதி முடித்ததும் முழுவதையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சித்தி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இதுதான்யா நடந்துச்சு" என்றார். பிறகு தம் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, தாள் கிழிந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு அழுத்தி எழுதிக் கையெழுத்திட்டார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். கைநாட்டு வைக்கட்டுமா என்று பெரியவர் கேட்கவே இல்லை. பேனாவை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

இதைப் பற்றி யோசிக்கும்போது ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்கள் சிலரை, தங்கள் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். வேறு சிலரைச் சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். துயரத்தை எழுதியவர்கள் எழுதிய உடனே மனம் கனத்துப்போனார்கள். ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. பின்னர் வந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த விளைவு சிறியது என்றே தெரிந்தது. எல்லாருக்கும் இது மருந்தாகிவிடும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தத் தொடர் ஆய்வுகளில் என்னைக் கவர்ந்த செய்தி வேறு. பயனடைந்தவர்களின் எழுத்தை நாள்வாரியாக ஒப்பிட்டபோது, "அதனால்", "ஏனென்றால்", "புரிந்தது" என்பன போன்ற காரணமும் தெளிவும் காட்டும் சொற்கள் நாளுக்கு நாள் கூடியிருந்தன. திரும்பத் திரும்பக் குமுறியதால் அல்ல, குமுறல் ஒரு கதையாக வரிசைப்பட்டதால்தான் பலன் கிடைத்தது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மரத்தடியில் பெரியவர் "அதுக்கு அப்புறம்?", "அதனால என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது என் காதில் இன்னும் இருக்கிறது. அவர் அந்த ஆய்வைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கேள்விப்பட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

ஓரிடத்தில் அவர் சறுக்கினார். சித்தியை "ஆதரவற்ற விதவை" என்று எழுதிவிட்டார். அரசின் ஓய்வூதியத் திட்டம் ஒன்றின் பெயரிலேயே அந்தச் சொற்கள் இருப்பதால் கை தானாக எழுதிவிட்டது போலும். வாசித்துக் காட்டும்போது அந்த இடம் வந்ததும் சித்தி கண்ணைத் திறந்து, "எனக்கு மகன் இருக்கான், மக இருக்கா. ஆதரவு இல்லாதவன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடவா?" என்று கேட்டார். அப்படி எழுதினால் அதிகாரிகள் இரக்கப்படுவார்கள் என்று பெரியவர் முதலில் சமாதானம் சொன்னார். சித்தி அசையவில்லை. அவர் ஒரு கணம் தாளைப் பார்த்துவிட்டு, வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார். "கணவரை இழந்த நான்" என்று மாற்றினார். இரண்டாவது தாளுக்குக் கூடுதல் பணம் கேட்கவில்லை. வாசிப்பவரின் இரக்கத்தைப் பெறுவதற்காக எழுதுகிற சொல், அதில் கையெழுத்துப் போடுகிறவரை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்பதை அந்த ஒரு நிமிடம் காட்டியது. சித்தி மறுத்ததும் சரி, அவர் உடனே திருத்தியதும் சரி.

அதே காரணத்தால் எனக்கு அவரிடம் ஒரு மனக்குறை உண்டு. "பாதம் பணிந்து" என்பது போன்ற தொடர்களை அவர் எழுதுவதில்லை. ஆனால் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பதை விட மறுக்கிறார். அது இல்லாவிட்டால் மனுவில் உப்பில்லாதது போல இருக்கும் என்கிறார். சட்டப்படி உரியதைக் கேட்கும் இடத்தில் "கேட்டுக்கொள்கிறேன்" என்பதே போதும் என்பது என் கருத்து. ஆங்கிலேயர் காலத்தில் அர்ஜி எனப்பட்ட மனுக்களின் வழியே நம் கைக்கு வந்து ஒட்டிக்கொண்ட குனிவு இது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழி ஆயிற்று. மனுவின் மொழி தமிழாகிவிட்டது, அதன் முதுகு இன்னும் நிமிரவில்லை. ஆனால் அந்தக் காலத்து அர்ஜிகளை வெறும் குனிவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1820இல் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ பரவலாக்கிய இரயத்துவாரி முறை ஒவ்வொரு உழவரையும் அரசின் வரிக்கணக்கில் நேரடியாகக் கொண்டுவந்தது. அந்த வரியை வசூலிப்பதில் நடந்த கொடுமைகளை விசாரித்து 1855இல் ஒரு குழு அறிக்கை தந்தது. குடியானவர்கள் நேரிலும் எழுத்திலும் அந்தக் குழுவிடம் முறையிட்டதால்தான், அரசாங்கத்தின் சொந்த ஆவணத்திலேயே அந்தக் கொடுமைகள் ஏறின. தெருவோரத்தில் அமர்ந்து பெயர் தெரியாத எவரோ எழுதிக் கொடுத்த தாள்களும் அவற்றுள் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுமனைப் பிரச்சினை; நடந்து நடந்து சலித்துப்போனவர். நடவடிக்கை எடுக்காவிட்டால் குடும்பத்தோடு தீக்குளிப்போம் என்று கடைசி வரியில் எழுதச் சொன்னார். பெரியவர் முடியாது என்றார். ஆட்சியர் அலுவலக வாசலில் பைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் காவலர்கள் ஏன் சோதிக்கிறார்கள் என்பது அங்கே அமர்ந்திருப்பவருக்குத் தெரியாததல்ல. அப்படி எழுதினால் மனு வேறு பக்கம் போய்விடும், மனை பின்னால் தள்ளப்பட்டுவிடும் என்று முதலில் சொன்னார். வந்தவர் விடவில்லை. அப்போது குரலைத் தாழ்த்தி, "அண்ணே, எழுதிட்டா அது உங்க மனசுல உக்காந்துக்கும். வீட்டுக்குப் போயும் அதே நெனப்பா இருக்கும். நான் எழுத மாட்டேன்" என்றார். பிறகு அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டு எண்களையும் நாட்களையும் "பார்வை" வரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தார். மிரட்டலைவிட அந்த மூன்று எண்கள் வலுவாக இருந்தன. இதற்கெல்லாம் கட்டணப் பட்டியலில் இடமில்லை.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டுச் சொல்வதானால், 1100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தும் இணையத்திலும் புகார் பதிவு செய்யலாம். விஷயம் தெளிவாக இருப்பவர்களுக்கு அதுவே போதும், வீண் அலைச்சல் இல்லை. நகல் எடுக்கும் கடைகளில் பெயரையும் ஊரையும் மட்டும் நிரப்பிக்கொள்ளும்படி அச்சடித்த மனுத்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்காதீர்கள். ஒரே வாசகத்தில் ஐம்பது மனு வந்தால் வாசிப்பவரின் கண் நிற்காது. நிரப்பிக் கொடுப்பவருக்கும் தம் கதை அதில் இருக்காது. தெருவிளக்கு, குடிநீர் போன்ற பொதுக் காரியத்துக்கு ஊரே கையெழுத்திட்ட மகஜரையும் பெரியவர் எழுதித் தருகிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியான மனுக்களையும் எழுதுகிறார். அதில் "ஏன்" என்று கேட்காதீர்கள், "எந்த நாளில், யார், என்ன உத்தரவு" என்று கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று அவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

குறைகளும் இருக்கின்றன. மறைவு என்பது அறவே இல்லை. சித்தி அழுததை வரிசையில் நின்ற பத்துப் பேர் பார்த்தார்கள். குடும்ப விவகாரம், உடல் நலம் போன்றவற்றைச் சொல்ல வேண்டியவர்கள், குறிப்பாகப் பெண்கள், அங்கே வாய் திறக்கவே தயங்குவார்கள். ஒரு தார்ப்பாய்த் தடுப்பாவது இருக்க வேண்டும். மழை வந்தால் மேசையை மடக்கிக்கொண்டு எதிரில் உள்ள தேநீர்க் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒரு காரியத்துக்கு ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டால் பின்னால் நிற்பவர்களுக்கு மனுப் பதிவு நேரம் தவறிப்போகும் ஆபத்தும் உண்டு. இவர்களின் வேலைக்கு அலுவலக வளாகத்துக்குள்ளேயே நிழலும் நாற்காலியும் தருவது பெரிய செலவல்ல. நன்றாக எழுதப்பட்ட ஒரு மனு அதிகாரிகளுக்கு எத்தனை நாள் வேலையை மிச்சப்படுத்துகிறது என்று பார்த்தால் அது அரசாங்கத்துக்கே இலாபம்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றே மனுவைப் பதிவு செய்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். ஐந்து வாரத்தில் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். கொழுந்தனாரையும் அழைத்துவைத்து, சித்தியின் வீட்டுத் திண்ணையிலேயே மனுவை வாசித்தார். "அவருடைய பங்கில் எந்த உரிமையும் கோரவில்லை" என்ற வரி வந்ததும் கொழுந்தனார், "அத இன்னொரு தடவ படிங்க" என்றார். மறுபடி வாசித்தார்கள். அவர் சித்தியைப் பார்க்காமல், "அண்ணி என் பங்கக் கேக்குறாங்கன்னுல்ல நான் நெனச்சிருந்தேன்" என்று அலுவலரிடம் சொன்னார். அவருடைய வாக்குமூலத்தை எழுதி வாங்கினார்கள். வீட்டுப் பெயரும் பள்ளிப் பெயரும் ஒரே ஆள்தான் என்று அவரே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். வைகாசியில் வாரிசுகளின் பெயரோடு பட்டா வந்தது. முதல் மனுவால் அவர் காவல் நிலையம் போனது மட்டும் இரண்டு வீட்டிலும் இன்னும் ஆறவில்லை. அதற்காக நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அதைப் பற்றிப் பேசவில்லை.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஏழு மணிக்கே போய்விடுங்கள். உங்கள் கோரிக்கைக்குத் தொடர்பில்லை என்று நினைக்கும் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் சிக்கல் அவிழ்ந்தது எல்லாத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான். முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளை மறக்காதீர்கள். யாருக்கு மனுவோ அவரையே பேசவிடுங்கள். உடன் செல்பவர் குறுக்கே பேசினால் பெரியவர் எழுதுவதை நிறுத்திவிடுகிறார். வாசித்துக் காட்டும்போது உறுத்துகிற சொல் எதுவானாலும் அங்கேயே சொல்லிவிடுங்கள், மாற்றித் தருகிறார். கையெழுத்துப் போட்ட பிறகு, பதிவுக்குக் கொடுப்பதற்கு முன், மனுவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவராக இதை நினைவூட்டுவதில்லை. நகல் கடை அலுவலக வாயிலுக்கு நேர் எதிரில் இருக்கிறது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய். சித்தி எடுத்த நகல் இப்போது அவருடைய குடும்ப அட்டை உறைக்குள் புதிய பட்டாவோடு சேர்ந்து இருக்கிறது.